படகு ஓட்டிப் பழக்கமில்லாத குடும்பம் கனடாவின் ட்ரென்ற்-செவேர்ன் நீர்வழியில் சொந்தப் படகில் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் படகு ஓட்டுகிறவரைவிடக் கயிறு பிடிக்கிறவர்தான் முதலில் பழக வேண்டும். அத்தான் பழைய 28 அடிப் படகு ஒன்றை வாங்கி, ஓட்டுநர் அட்டைக்கான பரீட்சையும் எழுதி முடித்தார். கயிற்றைப் பற்றி எங்கள் வீட்டில் யாருமே யோசிக்கவில்லை.

இந்த நீர்வழி ஒன்ராறியோ ஏரிப் பக்கம் ட்ரென்ரனில் தொடங்கி ஜோர்ஜியன் விரிகுடா வரை 386 கிலோமீற்றர். பெரும்பகுதி ஆறும் ஏரியும்தான். மட்டம் மாறும் இடங்களில் லொக் இருக்கும்: இரண்டு பக்கமும் கதவு போட்ட பெரிய தொட்டி. உள்ளே போனதும் கதவை மூடித் தண்ணீரை ஏற்றுவார்கள், அல்லது இறக்குவார்கள். வெளியே நீலக்கோடு போட்ட சுவரில் படகைக் கட்டினால், நீங்கள் உள்ளே வரக் காத்திருக்கிறீர்கள் என்று பணியாளருக்குத் தெரிந்துவிடும்.

நாங்கள் வழியிலுள்ள பீற்றர்பரோவில் படகை இறக்கி ஒறில்லியா வரை போனோம். ஆறு நாள். தொடக்கத்திலேயே வந்தது 1904இல் திறந்த லிஃப்ட் லொக், படகைத் தொட்டியோடு தூக்குவது. இரண்டு தொட்டிகள், தராசுத் தட்டுகள் மாதிரி. மேலே நிற்கும் தொட்டியில் ஏறக்குறைய ஒரு அடி தண்ணீர் கூடுதலாக விடுவார்கள். அந்தப் பாரத்தில் அது இறங்க, மற்றது எழும்பும். தூக்குவதற்கு மோட்டர் இல்லை. படகு தன் எடை அளவு தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுத்தான் உள்ளே வரும். அதனால் ஒரு தொட்டியில் நாலு படகும் மற்றதில் ஒன்றுமே இல்லாமலும் இருந்தாலும் பாரம் மாறாது. கிட்டத்தட்ட 20 மீற்றர் உயரத்துக்குச் சத்தமே இல்லாமல் எழும்பினோம். அக்கா என் கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

சரி, கயிறு. சாதாரண லொக்கின் சுவரில் கறுப்பு உறை போட்ட கம்பிவடங்கள் மேலிருந்து கீழே தொங்கும். கயிற்றை அதைச் சுற்றி எடுத்து, நுனியைக் கையில் பிடிக்க வேண்டும். கட்டக் கூடாது. வழியிலுள்ள கேர்க்ஃபீல்ட் ஊரைத் தாண்டி ஒரு லொக்கில் இறங்கும்போது நான் நுனியைப் படகில் கயிறு கட்டும் கொம்பில் கட்டிவிட்டுப் படம் எடுக்கத் திரும்பினேன். பாசி பிடித்த வடத்தில் சுற்று சிக்கிக்கொண்டது. தண்ணீர் இறங்குகிறது, படகின் முன்பக்கம் இறங்கவில்லை. கயிறு வில் நாண்போல முறுகியது. மேலே நின்ற லொக் பணியாளர் உடனே தண்ணீரை நிறுத்தியதால் தப்பினோம். அன்றிலிருந்து என் கை கயிற்றை விட்டதில்லை.

இன்னொன்று, வழி காட்டும் மிதவைகள். ட்ரென்ரன் பக்கமிருந்து போகும்போது சிவப்பு மிதவை உங்கள் வலதுபக்கம் இருக்க வேண்டும். கேர்க்ஃபீல்ட் லொக்கோடு அது மாறி, பச்சை வலதுபக்கம் வரும். அதைக் கடந்ததும் சத்தமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். கால்வாயின் ஓரத்தில் பாறை இருக்கிறது. வெட்டிய கால்வாய்களில் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் ஓடக் கூடாது.

சிம்கோ ஏரியை மட்டும் அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். அகலமான ஏரி, காற்று அடித்தால் அலை குறுகிக் குறுகி எழும்பும். நாங்கள் ஒரு முழு நாள் கேம்பிரிட்ஜ் (Gamebridge) லொக்கின் சுவரில் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். லொக்குகளில் இரவு தங்கலாம், அனுமதி வாங்க வேண்டும். அன்று இடியப்பமும் சம்பலும் பக்கத்துப் படகுக்காரருக்கும் போனது. மறுநாள் விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டோம், ஏரி கண்ணாடிபோலக் கிடந்தது.

ஒறில்லியாவுக்கு முன்னால் அதர்லி ஒடுக்கம் வரும். அங்கே 4,500 ஆண்டுகளுக்கு முன்பே பூர்வகுடி மக்கள் மரக்கம்புகளை நட்டு மீனை மறித்துப் பிடித்திருக்கிறார்கள். அத்தான் வேகத்தைக் குறைத்தார். "எங்கட ஊர்ச் சிறகுவலை மாதிரித்தானே" என்றாள் அக்கா. பாலத்தைத் தாண்டும்வரை அக்காவும் நானும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தோம்.