கணினி கேள்வி–பதில்: சத்தம் எங்கே போயிற்று?

டெஸ்க்டாப்புக்குப் புது மானிட்டர் வாங்கி ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் மாட்டினேன். அன்றிலிருந்து ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் கடைக்காரர். – வாசகர், ஈரோடு

வேண்டவே வேண்டாம். ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் படத்தோடு ஒலியும் போகும். அதனால் மானிட்டரையே ஸ்பீக்கர் என்று எடுத்துக்கொண்டு விண்டோஸ் சத்தத்தை அங்கே திருப்பிவிடுவதுண்டு. மானிட்டருக்குள் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் எதுவும் கேட்காது. திரையின் கீழ் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸுக்குப் போங்கள். விண்டோஸ் 11 என்றால் அங்கே 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்', 10 என்றால் 'சவுண்ட் கன்ட்ரோல் பேனல்'. திறக்கும் பட்டியலில் ரியல்டெக் (கம்ப்யூட்டரின் சொந்த ஆடியோ சிப்) ஸ்பீக்கரை 'செட் டிஃபால்ட்' செய்துவிட்டு, மானிட்டர் பெயரை 'டிசேபிள்' செய்யுங்கள். மறுபடி தாவாது.

அதே பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு பட்டை இருக்கும். பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் பட்டை பச்சையாக ஏறி இறங்கினால் விண்டோஸ் தன் வேலையைச் செய்துவிட்டது; கோளாறு வயரிலோ ஜாக்கிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. எந்தப் பட்டையும் அசையாவிட்டால்தான் மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் டிவைஸ் மேனேஜரில் ஆடியோ டிரைவரை (ஒலிக் கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால், பெரும்பாலும் விண்டோஸே டிரைவரைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். இந்தப் பட்டையைக்கூடப் பார்க்காமல் விண்டோஸை அழிக்கச் சொல்பவரிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள்.

ஹெட்போனில் பாட்டுக் கேட்டால் வாத்தியங்கள் கேட்கின்றன. பாடுபவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. – வாசகி, திண்டுக்கல்

டிரைவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹெட்போனின் இடது, வலது இரண்டுக்கும் திரும்பும் பாதை ஒரே பொது வயர். ஆங்கிலத்தில் கிரவுண்ட் என்பார்கள். அது துண்டானால் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று தொடராக இணைந்துவிடும். இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே அப்போது ஒலிக்கும். பாடகர் குரலை வழக்கமாக இரு பக்கமும் சரிசமமாகப் பதிவு செய்வார்கள். எனவே அது அடிபட்டுப் போகிறது. ஒரு பக்கம் கூடுதலாகப் பதிவான வாத்தியங்கள் தப்பித்துக்கொள்கின்றன.

முதலில் ஹெட்போன் பின் முழுசாக உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். ஜாக்கில் தூசி அடைத்திருந்தாலும் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். அடுத்து பின்னிலுள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் அது மைக்கும் சேர்ந்த மொபைல் ஹெட்செட். டெஸ்க்டாப்பின் பச்சை ஜாக் இரண்டு வளையப் பின்னுக்கானது. சில ஜாக்குகளில் பொது வயரின் வளையம் தொடாமலே போய்விடும். பாட்டு ஓடும்போது ஹெட்செட்டில் போன் அழைப்பை எடுக்கும் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். குரல் திரும்பி வந்தால் காரணம் இதுதான். ஹெட்போன், மைக் என்று இரண்டாகப் பிரியும் ஒய் வடிவக் கேபிள் வாங்கிப் பச்சையிலும் ரோஸ் ஜாக்கிலும் செருகினால் மைக்கும் வேலை செய்யும். இரண்டு வளையப் பின்னாக இருந்து, பின்னருகே வயரை வளைக்கும்போது குரல் வந்து வந்து போனால், உள்ளே வயர் அறுந்திருக்கிறது. அந்த இடத்தை வெட்டிப் புதுப் பின் வைத்துச் சால்டர் செய்ய வேண்டும்.

ஸ்பீக்கரில் எந்நேரமும் 'ம்ம்ம்' என்று ரீங்காரம். எர்த் பின்னை எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்று நண்பர் சொல்கிறார். – வாசகர், காரைக்குடி

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எர்த் இல்லாத சி.பி.யு.வின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். உள்ளிருக்கும் பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகப் பெட்டிக்கு ஏறக்குறைய பாதி மின்னழுத்தம் வந்துவிடுவதே காரணம். அந்த மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனால் உள்ளே ஒரு வயர் உரசிவிட்டால் முழு 230 வோல்ட்டும் பெட்டியில் நிற்கும்.

ஸ்பீக்கர் பின்னைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, சார்ஜரில் இல்லாத ஒரு மொபைலில் செருகுங்கள். அப்போதும் ரீங்காரம் இருந்தால் ஸ்பீக்கருக்குள்ளேயே கோளாறு. நின்றுவிட்டால் எர்த்துக்கு இரண்டு பாதைகள் உண்டாகி அவற்றினூடே வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு ஓடுகிறது. சி.பி.யு.வையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால் 3.5 மி.மீ. கேபிளின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டியை மாட்டுங்கள். யு.எஸ்.பி.யில் கரண்ட் எடுக்கும் சிறிய ஸ்பீக்கராக இருந்தால், அந்த யு.எஸ்.பி. வயரை மட்டும் மொபைல் சார்ஜருக்கு மாற்றினாலே பெரும்பாலும் அடங்கும்.

சி.பி.யு.வைத் திறந்து தூசி தட்டிய பிறகு முன்பக்க ஹெட்போன் ஜாக் வேலை செய்யவில்லை. – வாசகர், நாகர்கோவில்

மதர்போர்டின் கீழ் ஓரத்தில் ஒன்பது ஊசி உள்ள ஆடியோ இணைப்பு கழன்றிருக்கும். பக்கத்திலேயே யு.எஸ்.பி. இணைப்பும் ஒன்பது ஊசிதான், குழம்பாதீர்கள். யு.எஸ்.பி.யில் ஊசி இல்லாத இடம் மூலையில் இருக்கும். ஆடியோவில் ஓரத்திலிருந்து இரண்டாவது. பவரை அணைத்துவிட்டு மாட்டுங்கள். அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தால் இடம் தவறு.