பரண், டிரங்குப் பெட்டி, வாட்ஸ்அப்: கேட்டவர்களுக்குப் பதில்

வீடு மாறுகிறவர்களுக்கும், பெற்றோர் வீட்டைக் காலி செய்கிறவர்களுக்கும் சாமான் பிரித்துக் கொடுப்பது என் வேலை. கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அம்மா வீட்டுப் பரணில் பாட்டி காலத்துப் பாத்திரமெல்லாம் கிடக்கிறது. அம்மா ஊருக்குப் போயிருக்கிறார். வருவதற்குள் முடித்துவிடலாமா? (தஞ்சாவூர்)

கூடாது. அடுத்தவர் சாமானில் அவர் இல்லாத நேரம் கைவைக்காதீர்கள். ஒரே ஒரு தூக்குவாளி காணாமல் போனால் போதும், அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பழைய துணியைக்கூட உங்களால் வெளியே அனுப்ப முடியாது.

அவர் வந்த பிறகு ஒரு நாளைக்கு ஒரு சாக்கு மட்டும் இறக்குங்கள். முழுப் பரணையும் இறக்கிக் கூடத்தில் பரப்பினால் சாயங்காலம் களைத்துப்போய் அத்தனையையும் அப்படியே திரும்ப ஏற்றிவிடுவீர்கள், பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. இறக்கியதைத் துடைத்து, கழுத்தில் வெட்டியிருக்கும் பெயரை அம்மாவையே படிக்கச் சொல்லுங்கள். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து பாதி தேய்ந்திருக்கும், விரலால் தடவித்தான் படிப்பார்கள். "இது என் கல்யாணத்துக்கு அத்தை வைத்தது" என்று ஒன்றை மடியில் வைத்துக்கொள்வார்கள், அடுத்த நாலு எவர்சில்வர் டபராவை "யார் கொடுத்ததோ" என்று தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளியது மட்டும் வெளியே போகட்டும். பித்தளையை வைத்துக்கொள்வதானால் ஈயம் பூசி அடுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஈயம் போன பித்தளையில் புளியோ தயிரோ சேர்த்துச் சமைக்கக் கூடாது. ஈயம் பூச ஆள் தேட மனமில்லை என்றால் அந்த அண்டா உங்களுக்குத் தேவையில்லை, எடைக்குப் போடுங்கள்.

அலமாரி ஒழுங்காக இருக்க எந்த மாதிரி டப்பா வாங்கலாம்? (சென்னை)

எதுவும் வாங்காதீர்கள். முதலில் குறையுங்கள், மிச்சம் என்ன என்று தெரிந்த பிறகு டப்பாவே வேண்டியிருக்காது.

அப்பா காலமாகிவிட்டார். டிரங்குப் பெட்டி நிறையக் காகிதம். எதைக் கிழிக்கலாம்? (திருநெல்வேலி)

அவசரப்படாதீர்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் முடிகிறவரை ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது.

அப்புறமும் கிழிக்கக் கூடாதவை: கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், வீட்டுக் கடன் தீர்ந்ததற்கு வங்கி கொடுத்த கடிதம், கல்விச் சான்றுகளின் அசல், ஓய்வூதிய ஆணை. பத்திரம் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார், செய்தித்தாளில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் சான்று என்று அலைய வேண்டியிருக்கும். வில்லங்கச் சான்று அப்படியில்லை, தேவைப்படும்போது புதிதாக எடுத்துக்கொள்ளலாம். பழைய மின் கட்டண ரசீது, தீர்ந்துபோன கேஸ் சிலிண்டர் பில், போன வருடத்துக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் தாராளமாகப் போகலாம். வரி சம்பந்தப்பட்டதை மட்டும் உங்கள் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

ஏடிஎம் சீட்டு, கடை பில் எல்லாம் சூட்டில் அச்சாகும் தாள். ஃபிரிட்ஜ் வாங்கிய பில்லை பத்திரமாக வைத்திருப்பீர்கள், வாரன்டிக்கு எடுக்கும்போது வெற்றுத்தாளாக இருக்கும். வாங்கிய அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரில் போட்டால் அசல் தேவையில்லையா? (ஈரோடு)

அரசுத் துறையே டிஜிலாக்கர் வழியாக வழங்கிய ஆவணம் சட்டப்படி அசலுக்கு ஈடு. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியது வெறும் படம்தான். அதை நம்பி அசலைக் கிழிக்காதீர்கள்.

வாட்ஸ்அப் குழுக்களிலேயே பொழுது போய்விடுகிறது. விலகினால் சொந்தக்காரர்கள் கோபிப்பார்கள். (மதுரை)

விலக வேண்டாம். அந்தக் குழுவை எப்போதைக்குமாக மியூட் செய்து ஆர்க்கைவில் போடுங்கள், சத்தமும் வராது, பட்டியலிலும் முன்னால் நிற்காது. தனியுரிமை அமைப்பில் குழுக்கள் என்ற இடத்தில், தெரிந்தவர்கள் மட்டுமே உங்களைச் சேர்க்க முடியும் என்று மாற்றுங்கள். படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். சேமிப்பகம் என்ற பகுதியில் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகக் காட்டும், நூற்றுக்கணக்கான காலை வணக்கம் வீடியோக்களை அங்கிருந்தே மொத்தமாக அழிக்கலாம். விளம்பர அழைப்புகளுக்கு 1909-ஐ அழைத்து வேண்டாம் என்று பதிந்துகொள்ளுங்கள்.

ராத்திரி போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் இருக்கட்டும். நான் ஏதாவது வாங்கச் சொல்வது இது ஒன்றைத்தான்.

துணி அடுக்க எந்தக் கம்பெனி டப்பா நல்லது? / சமையலறைக்கு ஒரே மாதிரி டப்பா செட் வாங்கலாமா? (இருவர்)

மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

மனைவிக்குத் தெரியாமல் கட்டாத புடவைகளைக் கொடுத்துவிடலாமா?

அடுத்தவர் சாமான். தொடாதீர்கள். உங்கள் சட்டைகளை எண்ணுங்கள்.

காலாவதியான மாத்திரைகள்?

மருந்துக்கடைக்காரரிடம் கேளுங்கள், என் துறை இல்லை.

போகியன்று எல்லாவற்றையும் கொளுத்திவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமே?

2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன. அந்தப் புகையைச் சுவாசித்தது உங்கள் தெருக் குழந்தைகள். கொளுத்தாதீர்கள்.

தாத்தா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்த கட்டுகள் இரண்டு அலமாரி இருக்கின்றன. யாரும் படிப்பதில்லை. எடைக்குப் போடலாமா? (காரைக்குடி)

படிக்காததை வைத்திருந்து பயனில்லை. போடலாம், போடும் முன் ஒருமுறை புரட்டுங்கள்.

(இதற்குப் பலர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஒருவர்: "காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் பழைய புத்தகங்களைச் சேர்த்துவைத்த ரோஜா முத்தையா இப்படி நினைத்திருந்தால் இன்று அவர் பெயரில் இருக்கும் நூலகம் ஏது?")

நியாயமான கேள்வி. ரோஜா முத்தையா புத்தகத்தோடு நிறுத்தவில்லை, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அது உருவானது. இதில் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவர் அவற்றைக் கவனித்துப் பாதுகாத்தார். அலமாரியைத் திறக்கவே பயப்படுகிற வீட்டில் இருக்கிற கட்டு காப்பாற்றப்படவில்லை, மெதுவாகச் செத்துக்கொண்டிருக்கிறது.

("அப்படியானால் எடைக்குப் போடச் சொன்னது தப்புதானே?" என்கிறார் இன்னொருவர்.)

சட்டையையும் டப்பாவையும் சொல்வதுபோல இதைச் சொல்ல முடியாது என்பது சரி. சட்டை போனால் இன்னொரு சட்டை கிடைக்கும், பைண்டு செய்த தொடரில் ஓவியரின் படமும் பக்கத்து விளம்பரமும் சேர்ந்திருக்கும், புத்தகமாக வந்தபோது அவை வரவில்லை. அதனால் காரைக்குடிக்காரருக்கு மாற்றிச் சொல்கிறேன். பத்திரிகைப் பெயர், வருடம், தொடரின் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பட்டியலை அந்த நூலகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள், அவர்களிடம் ஏற்கெனவே இருந்தால் வேண்டாம் என்பார்கள், அதற்குக் கோபப்படாதீர்கள். வீட்டில் தாத்தாவின் கையெழுத்து உள்ள ஒரு கட்டை வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிற சொந்தக்காரர்களுக்கு மற்றதைக் கொடுங்கள். அதற்கும் மிஞ்சியதுதான் எடைக்கு.

இதற்கிடையில் மேல்கட்டைப் பிரித்துப் பாருங்கள். இராமபாணம் (தாளைத் தின்னும் பூச்சி) ஓடினால் அந்தக் கட்டை இன்றைக்கே மற்றவற்றிலிருந்து தனியே எடுத்து வையுங்கள்.