பிம் மாடலும் வேல்யூ இன்ஜினியரிங்கும் கட்டடச் செலவை உண்மையிலேயே குறைக்குமா?

நான்கு மாடிக் கட்டடம் ஒன்று கட்டப் போவதாகவும், அளவு விவரங்களோடு கட்டடத்தைக் கணினியில் வரையும் பிம் (BIM) மாடலுக்கு ஆர்க்கிடெக்ட் தனிக் கட்டணம் கேட்பதாகவும், அது தண்டச் செலவா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தண்டச் செலவு இல்லை. ஆனால் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் செய்தால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும். நான் கோவை, திருப்பூர் பக்கம் குவான்டிட்டி சர்வேயராக இருக்கிறேன். எஸ்டிமேட் போடுவது, சைட்டில் அளவெடுப்பது, கான்ட்ராக்டர் பில்லைச் சரிபார்ப்பது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பிம் மாடல் என்பது பார்க்க அழகாக இருக்கும் 3டி படம் அல்ல. அதில் ஒரு சுவரை வரைந்தால் அதன் நீளம், உயரம், தடிமன், எந்தக் கல், எத்தனை கன மீட்டர் எல்லாம் அதனோடு சேர்ந்தே இருக்கும். சுவரை ஓரடி நகர்த்தினால் அளவும் உடனே மாறும். அதோடு வேலை அட்டவணையைச் சேர்த்தால் 4டி, ரேட்டையும் சேர்த்தால் 5டி என்பார்கள். நாக்பூர் மெட்ரோ 5டி முறையில்தான் கட்டப்பட்டது. பிரிட்டனில் மத்திய அரசுக் கட்டுமானங்களுக்கு 2016 முதல் பிம் கட்டாயம்.

தாமதமாகச் செய்தால் என்ன ஆகும் என்பதை ஒரு தனியார் கிளினிக் கட்டடத்தில் பார்த்தேன். முதல் மாடி ஸ்லாப் போட்ட பிறகுதான் கழிவறைக் குழாய் வேலை தொடங்கியது. 110 மி.மீ. குழாய், 60-க்கு 1 சரிவு. ஒன்பது மீட்டர் ஓட வேண்டும் என்றால் குழாய் 15 செ.மீ. கீழே இறங்கியாக வேண்டும். இறங்குகிற இடத்தில் பீம் நிற்கிறது. குழாய் நுழைய கான்கிரீட் போடும்போதே விட வேண்டிய துளையான ஸ்லீவ் விடவில்லை. பீமில் கோர் கட்டிங் போட, அதாவது மெஷினால் துளைக்க, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் அனுமதிக்கவில்லை, அது சரியும்கூட. கடைசியில் ஃபால்ஸ் சீலிங்கை முக்கால் அடி இறக்கினார்கள். ஜன்னலின் மேல் பகுதி மறைந்தது, மின் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது. அந்தக் கட்டடத்துக்கும் 3டி மாடல் இருந்தது, ஆனால் அதில் குழாயே இல்லை. அந்தக் கூடுதல் வேலைக்கு அளவு எழுதியது நான்தான். ஒரு மணி நேரம் திரையில் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாமே என்று இன்றும் மனம் ஆறவில்லை.

அப்புறம் வேல்யூ இன்ஜினியரிங். இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு நல்ல குழாய்க்குப் பதில் மட்டமான குழாய் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேல்யூ இன்ஜினியரிங் அல்ல, தரத்தைக் குறைப்பது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் பொருள் தட்டுப்பாடு வந்தபோது, லாரன்ஸ் மைல்ஸ் என்ற இன்ஜினியர் 'இந்தப் பொருள் கிடைக்குமா' என்று தேடுவதை விட்டுவிட்டு, 'இது எந்த வேலையைச் செய்கிறது, அதே வேலையை வேறு எது செய்யும்' என்று கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்விதான் இந்த முறைக்கு அடிப்படை. வேலை குறையக் கூடாது, செலவு குறைய வேண்டும்.

நான் வேலை பார்த்த ஓர் அபார்ட்மென்டில் நடந்ததைச் சொல்கிறேன். வெளிச்சுவர் எல்லாம் ஒன்பது அங்குலச் செங்கல் என்று முதலில் திட்டம். 3 மீட்டர் உயரத்தில் ஒரு மீட்டர் நீளச் சுவர் சுமார் 1,300 கிலோ வரும். அதே இடத்தில் 200 மி.மீ. ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) வைத்தால் 400 கிலோ சுற்றி வரும். சுவர் அங்கே எடை தாங்குவதில்லை, அதைத் தூணும் பீமும் பார்த்துக்கொள்கின்றன. வெயிலையும் மழையையும் தடுப்பதுதான் சுவரின் வேலை. அதற்கு பிளாக் போதும். விரிசல் வராமல் இருக்க இணைப்புகளில் வலை அடிக்க வேண்டும், கனமான அலமாரி மாட்டும் இடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போட்டோம்.

ஆனால் பெரிய லாபம் பிளாக்கில் வரவில்லை. சுமை குறைந்ததால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் திரும்பக் கணக்கிட்டு ஃபுட்டிங்கை, அதாவது தூணுக்கு அடியில் வரும் கான்கிரீட் பாதத்தை, சற்றுச் சிறிதாக்கினார். ஃபுட்டிங் கம்பியின் வெட்டு நீளம் 2.5 மீட்டரிலிருந்து 2.4 ஆனது. பத்து செ.மீ.தானே என்று தோன்றும். கம்பி வருவது 12 மீட்டர் நீளத்தில். 2.5 என்றால் ஒரு கம்பியில் நாலு துண்டு, 2 மீட்டர் மிச்சம். 2.4 என்றால் சரியாக ஐந்து துண்டு, மிச்சமே இல்லை. 40 ஃபுட்டிங், ஒவ்வொன்றிலும் 24 கம்பி, ஆக 960 துண்டு. 240 முழுக் கம்பிக்குப் பதில் 192 போதும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, அப்படியானால் 511 கிலோ குறைகிறது. அதில் 426 கிலோ வெட்டி மிஞ்சும் துண்டுகள். அந்தத் துண்டுகளில் கொஞ்சம் கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லின்டலுக்குப் போகும்தான், ஆனால் பெரும்பாலும் சைட் மூலையில் துருப்பிடித்துக் கிடந்து பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். கம்பியையும் மாடலில் வரைந்திருந்ததால் இந்தக் கணக்கு ஒரு மாலைக்குள் முடிந்தது. இதே பிளாக் யோசனை ஃபுட்டிங் போட்ட பிறகு வந்திருந்தால் இந்த 511 கிலோவில் ஒரு கிலோகூட குறைந்திருக்காது.

மாடல் தரும் அளவை அப்படியே நம்பியும் விடாதீர்கள். பீமும் ஸ்லாபும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்பட்டிருந்தால் கான்கிரீட் இரண்டு முறை கணக்கில் வரும். பூச்சு விஷயத்தில் சண்டையே வரும். கட்டட வேலை அளவெடுப்புக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200-ன்படி 0.5 சதுர மீட்டருக்குள் இருக்கும் திறப்புக்குப் பூச்சில் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிப்பார்கள். மாடலோ ஜன்னலை இரண்டு பக்கமும் கழித்து நிகர அளவைக் காட்டும். எந்த அளவுப்படி பணம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

சரி, உங்கள் கட்டடத்துக்கு வருவோம். பணம் கொடுக்கும் முன் ஆர்க்கிடெக்டிடம், குழாயும் மின்சாரமும் ஏ.சி. டக்டும் ஸ்ட்ரக்சரும் ஒரே மாடலில் வருமா, கம்பி வருமா, ஃபுட்டிங் வரைபடம் முடிவாகும் முன் அளவுப் பட்டியல் கையில் கிடைக்குமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் கொடுக்கலாம். வெறும் வெளித்தோற்றம் மட்டும் என்றால் அதற்கு பிம் கட்டணம் தர வேண்டாம். தனி வீடு கட்டுகிறவர்கள் இதைப் படித்தால், இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் மென்பொருளில் பிளம்பிங் வரைக்கும் வரையச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும்.

மாடல் தயாரானதும் கம்பி மேஸ்திரியையும் பிளம்பரையும் திரை முன்னால் உட்கார வையுங்கள். அந்த அபார்ட்மென்டில் இரண்டாவது மாடியில் குழாய் பீமில் இடிக்கும் என்று முதலில் விரல் வைத்துக் காட்டியவர் பிளம்பர்தான். அந்தப் பீமில் ஸ்லீவுக்கு இடம் குறித்த பிறகுதான் வரைபடம் சைட்டுக்குப் போனது.