பாம்பு விஷம் புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது என்கிறார்களே, ஏன் இன்னும் மருந்து வரவில்லை?

புற்றுநோய்க்கென ஒப்புதல் பெற்ற பாம்பு விஷ மருந்து இதுவரை ஒன்றுகூட இல்லை. ஆய்வகத் தட்டில் செல்லைக் கொல்வது விஷத்துக்கு எளிது. பக்கத்து நல்ல செல்லை விட்டுவைக்க வேண்டுமே, சிக்கல் அங்கேதான்.

விரியன் விஷத்தின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் எல்-அமினோ அமில ஆக்சிடேஸ் என்ற நொதி. அமினோ அமிலத்தைச் சிதைக்கும்போது அது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல் வளர்க்கும் திரவத்திலேயே அமினோ அமிலம் தாராளமாக இருப்பதால் தட்டின் குழிக்குள் பெராக்சைடு சேர்ந்து செல் செத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, அதே அளவு விஷத்தோடு, பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியும் சேர்த்து இன்னொரு குழி வைக்க வேண்டும். அதில் செல் பிழைத்துக்கொண்டால், கொன்றது பெராக்சைடுதான். இந்த ஒப்பீடு இல்லாத முடிவை நம்பாதீர்கள். அடுத்து, நல்ல செல்லில் பாதியைக் கொல்லும் அளவைப் புற்றுச் செல்லில் பாதியைக் கொல்லும் அளவால் வகுத்துப் பாருங்கள். விடை 1-ஐ ஒட்டி வந்தால் அது வெறும் நஞ்சு.

நாகத்தின் விஷத்திலுள்ள சைட்டோடாக்சின் சுமார் 60 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். செல் சவ்வையே குலைக்கும்; இதயத் தசையையும் விடாது. கார்டியோடாக்சின் என்ற மறுபெயர் அதனால் வந்ததுதான். சுத்திகரிப்பில், சவ்வின் கொழுப்பை உடைக்கும் ஃபாஸ்ஃபோலிப்பேஸ் நொதி துளி தங்கிவிட்டாலும் சிவப்பணுச் சிதைவு பல மடங்கு கூடிவிடும்.

மனிதர்களிடம் சோதித்தது வாலை ஆட்டி ஒலியெழுப்பும் தென் அமெரிக்கக் கிலுகிலுப்பை விரியனின் விஷத்திலுள்ள குரோடாக்சினை. முற்றிய புற்றுநோயாளிகளுக்கு 30 நாள் தினமும் தசையில் ஊசி. அடுத்த கட்டச் சோதனைக்குப் பரிந்துரைத்த அளவு, உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு வெறும் 0.14 மில்லிகிராம் என 2002-இல் வெளியானது. அது நரம்பு நஞ்சு என்பதால் பலருக்கு இரட்டைப் பார்வை வந்தது.

என் கணிப்பில், கொல்லாமல் ஒட்டிக்கொள்ளும் டிசின்டெக்ரின்கள் என்ற விஷப் புரதங்கள்தான் கவனிக்க வேண்டியவை. செல்லின் மேலுள்ள இன்டெக்ரின் கொக்கிகளை இவை அடைத்து, கட்டி பரவுவதையும் அதற்குப் புது ரத்தக்குழாய் முளைப்பதையும் தடுக்கின்றன. செப்புத்தலை விரியனின் கன்டார்ட்ரோஸ்டாட்டின் என்ற டிசின்டெக்ரின் எலிகளில் மார்பகக் கட்டியைக் குறைத்தது. ஆனால் ரத்தத் தட்டணுவிலும் இதே இனக் கொக்கி உண்டு. அதை அடைத்தால் ரத்தம் சரியாக உறையாது. ஆகவே லிப்போசோம் கொழுப்புறைக்குள் வைத்துச் செலுத்தினார்கள். இதய மருத்துவம் அதே குணத்தையே பயன்படுத்திக்கொண்டது: பாம்பு விஷப் புரதத்தைப் பார்த்து உருவாக்கிய, ரத்தம் உறைவதைத் தடுக்கும் எப்டிஃபிபடைட், டிரோஃபிபான் இரண்டும் 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.