நெல் விற்ற காசில் ஒரு கொம்பியூட்டர்: எந்த புரொசசர் வாங்கலாம்?

கேள்வி: கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வீடு தருமபுரத்தில். எனக்கு ஜாவா, பைதன், அன்ட்ராய்ட் செயலி வேலைகள். தம்பி உயர்தரம் படிக்கிறான்; நேரம் கிடைத்தால் வலோரண்ட், ஜிடிஏ விளையாடுவான். காலபோக நெல் விற்று அப்பா இரண்டரை இலட்சம் ஒதுக்கியிருக்கிறார். மொனிட்டரும் அதற்குள் அடங்க வேண்டும். "ரெண்டு வேலைக்கும் எண்டால் ஐ7தான் சரி" என்கிறார் கடைக்காரர். அப்படியா?

பதில்: தங்கச்சி, இன்டெல்லின் விலை கூடிய ஐ7 புரொசசர் வேண்டாம். உங்கள் இரண்டு பேருக்கும் ஆறு கோர் (தனித்தனியே வேலை செய்யும் பகுதி) உள்ள ஒரு நடுத்தர புரொசசர் தாராளமாகக் காணும். மிஞ்சும் காசுக்கு வேறு முக்கியமான செலவு இருக்கிறது.

கேமும் புரோகிராமிங்கும் புரொசசரிடம் ஒரே விதமாக வேலை வாங்குவதில்லை. கேமில் பெரும்பாரம் ஒன்றிரண்டு கோர்களின் தலையில்தான் விழும். அதனால் ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம், பக்கத்தில் கேஷ் என்ற சின்ன வேக நினைவகம் எவ்வளவு என்பதுதான் அங்கே கணக்கு. ரைசன் 7 7800எக்ஸ்3டி எட்டே கோர்களோடு கேமில் பெயர் எடுத்ததற்கு அதன் 96 எம்பி கேஷ்தான் காரணம். எழுதிய கோட்டை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றும்போது, அதாவது கம்பைல் செய்யும்போது, கதை வேறு. நூறு கோப்பு இருந்தால் கோர்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். கோர் கூடக் கூட நேரம் குறையும். ஆனால் அந்த வித்தியாசம் பெரிய புரொஜெக்ட்டில்தான் தெரியும். கம்பஸ் புரொஜெக்ட் ஒன்று ஆறு கோரில் ஒரு நிமிடம் எடுத்தால், பன்னிரண்டு கோரில் மிஞ்சுவது விநாடிக் கணக்குத்தான். அதற்காக அப்பாவின் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

செயலி எழுதும் அன்ட்ராய்ட் ஸ்டுடியோவும், போன் மாதிரித் திரையில் ஓடும் எமுலேட்டரும், பிரவுசரும் சேர்ந்து திறந்திருக்கும்போது முதலில் மூச்சுத் திணறுவது ராம் என்ற தற்காலிக நினைவகம்தான். 16 ஜிபி கட்டாயம். அதையும் ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு வழியாகத் தரவு போய்வருவதால் கேமிலும் வேகம் கூடும். 2025 பிற்பகுதியிலிருந்து உலகம் முழுக்க ராம் விலை ஏறியிருக்கிறது. புரொசசரில் காசை மிச்சம் பிடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எந்த ஆறு கோர்? இந்த விலைவாசியில் எல்லோரும் காட்டுவது இரண்டு: ஏஎம்டி ரைசன் 5 5600, இன்டெல் ஐ5-12400எஃப். இரண்டும் 2022இல் வந்தவை, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் பார்க்கும் வேலை வரிசை), அடிப்படைக் கணக்கில் 65 வாட். வேகத்தில் அண்ணன் தம்பி மாதிரி. நான் உங்களுக்குச் சொல்வது மூன்றாவது ஒன்று: எஃப் எழுத்து இல்லாத ஐ5-12400.

காரணம் சொல்கிறேன். எஃப் போட்டதிலும் ரைசன் 5600இலும் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி உள்ளே கிடையாது. கிராபிக்ஸ் காட் பழுதானால் திரையில் ஒன்றுமே வராது. கொழும்பில் இருப்பவர் மறுநாளே காட்டைக் கடையில் கொடுத்து வேறு வழி பார்ப்பார். நமக்கு அப்படியில்லை. என் காட் ஒருமுறை பழுதாகி, வாங்கிய கடை அதைக் கொழும்புக்கு அனுப்பி, திரும்பி வர மூன்று கிழமைக்கு மேல் ஆனது. என்னிடம் இருந்ததும் எஃப் புரொசசர். அந்த மூன்று கிழமையும் ஒரு வரி எழுத முடியவில்லை. எஃப் இல்லாத 12400இல் சிறிய கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. தம்பியின் விளையாட்டு நின்றாலும் உங்கள் அசைன்மென்ட் நிற்காது. விலை கொஞ்சம் கூடத்தான்; ஏ9 வீதியில் போய்வரும் பஸ் காசையும் போகும் நாட்களையும் கணக்குப் பார்த்தால் அது பெரிதில்லை. டிடிஆர்4 ராம் போடக்கூடிய பி660 அல்லது பி760 மதர்போட் கேளுங்கள்.

புதிய ரைசன் 5 7600இலும் சிறிய கிராபிக்ஸ் உண்டு, பின்னாளில் புரொசசரை மட்டும் மாற்றும் வசதியும் அதில் அதிகம். ஆனால் அதற்கு விலை கூடிய புதிய வகை டிடிஆர்5 ராம்தான் வேண்டும். மொனிட்டரும் சேர்த்து இரண்டரை இலட்சத்துக்குள் அது இறுக்கும்.

மொத்தக் காசில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரொசசருக்குப் போகக் கூடாது. மிகப் பெரிய பங்கு கிராபிக்ஸ் காட்டுக்கு. ஜிடிஏ போன்ற கேமில் படத்தைத் தீட்டுவது அதுதான். விளையாட்டு மட்டும் என்றால் ரேடியன் ஆர்எக்ஸ் 6600. மூன்றாம் நான்காம் வருடத்தில் நீங்கள் மெஷின் லேர்னிங் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050 பாருங்கள். அந்த மென்பொருள்கள் பல என்விடியாவின் கூடா (CUDA) என்ற மென்பொருள் தளத்தில்தான் சிக்கலில்லாமல் ஓடும். 3050இல் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு இருக்கிறது. 6 ஜிபி காட்டில் நினைவகம் மட்டும் குறைவில்லை, உள்ளேயிருக்கும் சிப்பின் வலுவும் குறைவு. பெட்டியைப் பார்த்து 8 ஜிபியைக் கேட்டு வாங்குங்கள்.

இனி நம் ஊர் விஷயம். தகரக் கூரை வீடென்றால் சித்திரை வைகாசியில் மத்தியான அறைச் சூட்டிலேயே கொம்பியூட்டர் வெந்துவிடும். புரொசசர் ஓர் அளவுக்கு மேல் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். காசு கொடுத்து வாங்கிய ஐ7 அங்கே ஐ5 மாதிரித்தான் ஓடும். 12400 உச்சத்தில் போனாலும் 117 வாட்தான். பெட்டியோடு வரும் விசிறியே சமாளிக்கும். முன்பக்கம் வலை வைத்த கேஸ் எடுங்கள். கிரவல் புழுதி உள்ளே போகும், மாதம் ஒருமுறை தூசு தட்டுங்கள்.

கரண்டுக்கு யூபிஎஸ் கட்டாயம். 650 விஏ என்று பெரிதாக எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அது தாங்குவது 360, 390 வாட் அளவுதான். பின்பக்கம் வாட் எண்ணைப் பாருங்கள். நான் சொன்ன கொம்பியூட்டருக்கு அது போதும். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி முழங்கினால் யூபிஎஸ்சை நம்பி விட்டுவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள். அந்த வயர் வழியாக வந்த மின்னலில் மதர்போட் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மாங்குளத்தில் இருக்கிறேன். மகன் புரோகிராமிங் பழகப் போகிறான். "ஐ7, 16 ஜிபி" என்று பழைய கொம்பியூட்டர் ஒன்று 65,000 ரூபாய்க்கு வருகிறது. எடுக்கலாமா?

பதில்: ஐயா, ஐ7 என்ற பெயரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ7-3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது. ஐ3-12100இலும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் பத்து வருடம் இளையது, வேகத்தில் அந்த ஐ7ஐ நன்றாகவே முந்திவிடும். விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின்னது தேவை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. ஆகவே எட்டாம் தலைமுறைக்குக் கீழே காசு போடாதீர்கள்.

கடையில் கொம்பியூட்டரைப் போடச் சொல்லி, டாஸ்க் மனேஜரில் பெர்போமன்ஸ் பகுதியைத் திறந்தால் உண்மையான பெயர் தெரியும். அலுவலகங்களில் கழித்த ஐ5-8500 கிடைத்தால் நல்லது: ஆறு கோர், பழகுவதற்கு நிறைவாகப் போதும். ஆனால் ஒடுங்கிய சிறிய கேஸில் வருவதைத் தவிருங்கள். அதற்குள் முழு அளவு கிராபிக்ஸ் காட் நுழையாது. பவர் சப்ளையும் பல நேரம் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவம், பழுதானால் வெளியே தேடி அலைய வேண்டும்.

கேள்வி: முல்லைத்தீவிலிருந்து எழுதுகிறேன். ஐ7-13700கே போட்ட கொம்பியூட்டர். சில மாதமாக கேம் தொடங்கும்போது வீடியோ மெமரி போதாது என்று சொல்லி மூடிவிடுகிறது. கம்பைல் செய்தாலும் இடைக்கிடை காரணமில்லாமல் நிற்கிறது. கிராபிக்ஸ் காட்டை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, காட்டில் கை வைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் புரொசசர்மேல்தான். இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்ரக புரொசசர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் வாங்கி உள்ளே தேய்கின்றன என்பதை அந்த நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்டிலிருந்து அதற்கான திருத்தம் மதர்போட்டின் அடிப்படை மென்பொருளான பயோஸ் வழியாக வருகிறது. இன்றைக்கே பயோஸைப் புதுப்பியுங்கள். ஆனால் அது இனி வரும் தேய்மானத்தைத்தான் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைச் சீராக்காது.

இப்படிப்பட்ட புரொசசர்களுக்கு உத்தரவாதத்தை மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக இன்டெல் நீட்டியிருக்கிறது. உங்களுடையது அந்தப் பட்டியலில் உண்டு. பெட்டியோடு வாங்கியிருந்தால் இன்டெல்லிடமே கேட்கலாம். பெட்டியில்லாமல் தனிச் சிப்பாக வாங்கியிருந்தால் விற்ற கடையிடம்தான் கேட்க வேண்டும். பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள். புரொசசரைக் கழற்றும்போது மேல்மூடியில் உள்ள எண்களைத் தெளிவாகப் படம் எடுத்து வைத்துவிட்டு அனுப்புங்கள்.