கள்ளிக் கொப்பு ஏன் அழுகுது? கேள்வி பதில்

தலவாக்கலையிலிருந்து: அண்ணே, முள்ளு யூபோர்பியா கொப்பு மூணு தரம் நட்டேன். தவறாமத் தண்ணி ஊத்தியும் அடி கருத்து அழுகிப்போச்சு.

தங்கச்சி, அந்தத் தண்ணிதான் கொன்னிருக்கு. மடகாஸ்கர்ல இருந்து வந்த செடி அது. வறட்சியைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. பால் வடிய வடிய நட்டா வெட்டின புண் வழியா அழுகல் ஏறும். நாலஞ்சு அங்குலக் கொப்பை வெட்டி, வெட்டு வாயைத் தண்ணியில முக்கிப் பாலை நிறுத்துங்க. அப்புறம் ஒரு கிழமை நிழல்ல போட்டுடுங்க. கொப்பு வாடும், உங்களுக்கு மனசு கேக்காது. ஆனா வெட்டு வாய் காய்ஞ்சு தோல் கட்டாம மண்ணுக்குக் காட்டவே கூடாது. நம்ம தோட்டத்து மண் ஈரத்தை விடாது. சரிபாதி ஆத்து மணல் கலக்கணும். நட்டு நாலஞ்சு நாள் கழிச்சு லேசா ஒரு தண்ணி, பிறகு மண் காய்ஞ்சா மட்டும். வேர் விட ஒன்றரை மாசமாவது ஆகும், நம்ம குளிருக்கு இன்னும் இழுக்கும். இடையில புடுங்கிப் பாக்காதீங்க. மே மாசம் தென்மேற்கு மழை பிடிக்கிறதுக்கு முன்னால, பெப்ரவரி, மார்ச்சுல வையுங்க.

பண்டாரவளையிலிருந்து: எங்களுக்கும் அதே மாசமா?

இல்லீங்க. உங்க ஊவாப் பக்கம் மழை வருசக் கடைசியில கொட்டும். ஜூன், ஜூலை வறட்சியில வையுங்க, காத்துக்கு மட்டும் ஒரு மறைப்பு வேணும்.

நுவரெலியாவிலிருந்து: பொயின்செட்டியா நத்தாருக்குச் சிவக்கவே இல்ல. வாசல்ல ராத்திரி முழுக்க லைட் எரியும்.

லைட்டுதான் காரணம். அதுக்கு நீண்ட இருட்டு ராத்திரி தொடர்ந்து பல கிழமை வேணும். ஒக்டோபர்லயே சட்டியை வீட்டுக்குப் பின்பக்கம் மாத்துங்க. உங்க ஊர்ல ஜனவரியில உறைபனி விழும். அப்போ கூரைக்குக் கீழ வையுங்க.

ஹட்டனிலிருந்து: பெரிய முள்ளுச் செடியைச் சட்டி மாத்தணும், எப்படி?

நாலு நாள் தண்ணியை நிறுத்துங்க. காய்ஞ்ச மண் வேரை விட்டு லேசாக் கழலும். பழைய பேப்பரை மடிச்சுத் தண்டைச் சுத்திப் பிடிங்க. மாத்தின பிறகும் ஒரு கிழமை தண்ணி வேணாம், அறுந்த வேர் ஆறணும்.

நாவலப்பிட்டியிலிருந்து: திருகுகள்ளி வேலி வைக்கலாமா? வீட்டுல சின்னப் பிள்ளைங்க.

வேணாம் அக்கா. அதோட பால் பொல்லாதது. ஒரு தரம் கொப்பு வெட்டின கையால வேர்வையைத் துடைச்சேன். ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறக்க முடியல. கண்ணுல பட்டா கசக்காம, கால் மணித்தியாலம் ஓடுற தண்ணியில கழுவிக்கிட்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.