யாரை முன்னால் விடுவது?

கேள்வி: ஒரே கவுண்டர் வைத்து சர்வீஸ் சென்டர் நடத்துகிறேன். அடிக்கடி வருபவர்கள் "எங்களையும் காக்க வைக்கிறீங்களே" என்று குறைப்படுகிறார்கள். அவர்களை முன்னால் விட்டால் வரிசையில் நிற்பவர்கள் முறைக்கிறார்கள். யாரை, எப்போது முன்னால் விடலாம்?
– ஒரு வாசகர்

பதில்: முறைப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒருவரை முன்னால் விடுவதால் கவுண்டரில் வேலை குறைவதில்லை, அவருக்கு மிச்சமான நேரம் அப்படியே பின்னால் நிற்பவர்கள் தலையில்தான் விழுகிறது. அது எவ்வளவு என்று கணக்குப் போட வரிசைக் காத்திருப்பை ஆராய்ந்த ஆலன் கோபாம் என்பவர் 1954-லேயே ஒரு சூத்திரம் தந்திருக்கிறார்.

ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிட வேலை, சிலருக்குச் சட்டென்று முடியும், சிலருக்கு இழுக்கும், ஆட்கள் வருவதிலும் ஒழுங்கில்லை என்று வைத்துக்கொள்வோம். கவுண்டர் பாதி நேரம் சும்மா இருந்தால் சராசரிக் காத்திருப்பே 5 நிமிடம்தான், அங்கே முன்னுரிமை என்ற பேச்சே வேண்டாம். ஆனால் 90 சதவீத நேரம் வேலை ஓடினால் காத்திருப்பு 45 நிமிடமாகிவிடும். இப்போது பத்தில் ஒருவரை முன்னால் விட்டால் அவருக்கு 5 நிமிடம், மற்றவர்களுக்கு 49. பரவாயில்லை, தாங்குவார்கள். அதே சலுகையைப் பாதிப் பேருக்குக் கொடுத்துப் பாருங்கள்: அவர்களுக்கு 8 நிமிடம், மீதிப் பேருக்கோ கிட்டத்தட்ட 82! அடிக்கடி வருபவர்கள் எல்லோரும் ஸ்பெஷல் என்று ஆரம்பித்தால் அந்த இடத்துக்குத்தான் போய் நிற்பீர்கள்.

சரி, அந்தப் பத்தில் ஒருவர் யார்? காத்திருந்தால் யாருக்கு அதிகம் கெடும் என்று பாருங்கள்: நிற்க முடியாத கர்ப்பிணி, முதியவர், பழுதான பொருளை நம்பி அன்றைய பிழைப்பை ஓட்டுபவர். அப்புறம், ரசீது வாங்க மட்டும் வந்தவர் மாதிரி ஒரே நிமிடத்தில் முடிகிற ஆட்கள். சின்ன வேலையை முதலில் முடித்தால் எல்லோருக்குமான சராசரிக் காத்திருப்பே குறையும். ஆனால் அவர்களே வந்துகொண்டிருந்தால் பெரிய வேலைக்காரர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், அதனால் ஒரு மணி நேரம் தாண்டியவர் யாரானாலும் அடுத்த ஆள் அவர்தான் என்று வைத்துவிடுங்கள். இதையெல்லாம் எழுதி எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுங்கள், அந்தந்த நேரத்தில் முகம் பார்த்து முடிவெடுத்தால் சண்டைதான் வரும்.

அடிக்கடி வருபவர்களுக்கு நன்றி காட்ட வேறு வழி இருக்கிறது. கூட்டமில்லாத நேரத்தைச் சொல்லி, "அப்போ வாங்க, உடனே பார்த்துடலாம்" என்று முன்பதிவு கொடுங்கள்.